போகிக்கு முந்தின இரவு

(வல்லம் வடகாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஷிப்ட் முடிந்த கையோடு சீருடை கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே,

அதிவேக ரயிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு பெருக்கல் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தது. செலவு 706.50 கோடி ரூபாய். 13 கட்டடம். ஒவ்வொரு கட்டடத்திலும் 240 அறை, அறைக்கு 6 பேர். ஆக, ஒரு கட்டடத்தில் 1,440 பேர் தங்கலாம். மொத்தம் 18,720 பேர்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் வேலை பார்த்தவன். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று இரவு பகலாக முடிவு செய்கிற வேலை. அந்தப் பழக்கத்தில், 1,440 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இப்போது ஓடுகிற எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 80 படுக்கை. 18 பெட்டி கோத்தால் 1,440. ஒரு கட்டடத்துக்குச் சரியாக ஒரு ரயில். போகிக்கு முந்தின இரவு இந்த விடுதியில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குக் கிளம்பினால் 13 ரயில் வேண்டும். பேருந்தில் ஏற்றினால், ஐம்பது பேர் வீதம், 370 பேருந்துக்கு மேல் வேண்டும். இது ஒரே ஒரு விடுதிக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் சேர்த்து, வாடகை அறைகளில் இருப்பவர்களையும் எண்ணினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 13 ரயிலில் ஒன்று கூட இங்கிருந்து கிளம்புவதில்லை. நடப்பது வேறு. வேலை முடிந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம், படப்பை, மண்ணிவாக்கம் என்று ஊர்ந்து, கிளாம்பாக்கம் போய்ச் சேருகிறீர்கள். அந்தப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் கிடையாது. தென் மாவட்டம் போகிற லட்சக்கணக்கான பேரைக் கொண்டுவந்து இறக்கப் போகிற இடம் என்று தெரிந்தே கட்டியது. முதலில் ஸ்டேஷன், பிறகு பேருந்து நிலையம் என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

ரயில் டிக்கெட் எடுத்தால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 அக்டோபர் 31 வரைக்கும் அது 120 நாளாக இருந்தது. திறக்கிற நேரம் காலை 8 மணி. முதல் ஷிப்டில் இருக்கிற பிள்ளை அந்த நேரத்தில் லைனில் நிற்கிறாள். போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிற வேலை. அவள் வெளியே வந்து போனை எடுக்கும்போது நெல்லை எக்ஸ்பிரஸிலும் இடம் இல்லை, பாண்டியனிலும் இல்லை, முத்துநகரிலும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கிறது. இதற்கும் மேல், 60 நாள் கழித்து அவளுக்கு எந்த ஷிப்ட், லீவு எத்தனை நாள் என்பது அன்றைக்கு அவளுக்கே தெரியாது. ஒரு வண்டியில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை எண்களாக மட்டும் பார்த்துப் பழகியவன் நான். இந்த காலை 8 மணி விஷயத்தை ஒரு பிள்ளை எனக்குச் சொன்ன பிறகுதான், இடம் இருந்தும் எட்டாமல் போகிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள் என்று உறைத்தது.

இந்தப் பகுதிக்கும் ரயிலுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வாலாஜாபாத் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். இங்கே நீங்கள் செய்கிற கார்கள், அவற்றுக்கென்றே செய்த அடுக்குப் பெட்டிகளில் ஏறி வட இந்தியாவுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு, நெடுஞ்சாலையில் எத்தனையோ லாரிகளைக் குறைத்திருக்கிறது. காருக்குக் கிடைத்த தண்டவாளம் அதைச் செய்தவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. ஆவடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு புதிய பாதை என்று பத்தாண்டுக்கு மேலாக ரயில்வே பட்ஜெட் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திட்டம் உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காக அதற்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகள் உண்டு. ஆயிரம் ரூபாயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லி ஒரு வண்டி கூட வராது. அந்தப் பாதை மட்டும் இருந்திருந்தால் இங்கிருந்து ஏறி, கூடுவாஞ்சேரியில் தெற்கே போகிற பாதையைப் பிடித்துவிடலாம். ஒரகடத்தின் வரலாற்றில் நடக்காமல் போன மிகப் பெரிய விஷயம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி, தெற்கே போகிற அந்தப் பாதை. விழுப்புரத்துக்கு அப்பால் கும்பகோணம் பக்கம் ஒன்றும், விருத்தாசலம், அரியலூர் பக்கம் ஒன்றுமாகப் பாதை பிரிகிறது. பிரிவதற்கு முன்னால் செங்கல்பட்டு முதல் விழுப்புரம் வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர், எல்லா வண்டிக்கும் ஒரே இரட்டைப் பாதை. திருநெல்வேலி வண்டியும் அதில்தான், ராமேஸ்வரம் வண்டியும் அதில்தான், திருவாரூர் வண்டியும் அதில்தான், சரக்கு வண்டியும் அதில்தான். குடத்துக்குக் கழுத்து மாதிரி. குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்தின் அகலத்துக்குத்தான் வரும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு. பெயர் சொல்ல வேண்டாம், ஒரு சிறிய ஸ்டேஷன். பண்டிகை ஸ்பெஷல் ஒன்று, முன்னாலும் பின்னாலும் அன்ரிசர்வ்டு பெட்டி, கழிவறை வாசல் வரைக்கும் ஆள். பின்னால் ஒரு சூப்பர்ஃபாஸ்ட் வருகிறது. ஸ்பெஷலை ஸ்டேஷனின் பக்கப் பாதையான லூப் லைனில் ஒதுக்கச் சொன்னேன். சூப்பர்ஃபாஸ்ட் போனதும் இன்னொன்று, அதன் பிறகு மூன்றாவது. ஸ்பெஷல் அங்கேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. கால அட்டவணையில் உள்ள வண்டிக்குத்தான் முதலிடம். ஸ்பெஷலுக்குக் கடைசி இடம். விதிப்படி நான் செய்தது சரி. ஸ்டேஷன் மாஸ்டர் போனில், "சார், உள்ளே கைக்குழந்தைகள் அழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது" என்றார். அந்த வாக்கியம் இருபது வருஷமாக என்னோடு இருக்கிறது.

அந்த இரவு ஒரு தொழில் உண்மையையும் கற்றுக் கொடுத்தது. ஒரே தண்டவாளத்தில் வேகமான வண்டியும் மெதுவான வண்டியும் கலந்து ஓடினால், மொத்தத்தில் ஓடக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கை குறையும். எல்லாமே 100 கிலோமீட்டரில் ஓடினால் ஒன்றன் பின் ஒன்றாக விட்டுக்கொண்டே இருக்கலாம். நடுவில் ஒன்று 130-இல் வந்தால், அதற்கு முன்னால் நீளமாக வெற்றிடம் விட வேண்டும். அந்த வெற்றிடத்தில் ஓடியிருக்க வேண்டிய வண்டி லூப்பில் நிற்கும். 2023 செப்டம்பரில் சென்னை எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் வந்தது. அழகான வண்டிகள். பகலிலேயே ஊர் போய்ச் சேரலாம். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர்கேஜில் வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே பகலில் ஓட ஆரம்பித்தபோது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இருந்த பெருமிதம் எனக்குத் தெரியும். அந்தப் பெருமிதத்தைத்தான் இந்த வண்டியிலும் பார்க்கிறேன். ஆனால் இந்த இரண்டு வந்தே பாரத்தும் முழுக்கக் குளிர்சாதன நாற்காலி. நின்றுகொண்டு போக அனுமதி இல்லை. அன்ரிசர்வ்டு பெட்டி இல்லை. போகி இரவின் கூட்டத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை, பாதையிலோ இடம் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான், வேகமான வண்டிக்குத் தனிப் பாதை வேண்டும் என்று சொல்கிறவர்களின் பக்கம் நான் நிற்கிறேன். அதிவேக ரயிலுக்கு நான் எதிரி இல்லை. எங்கே போடுகிறோம், யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

நம் நாட்டின் முதல் அதிவேகப் பாதை மும்பை–அகமதாபாத். 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள், மணிக்கு 320 கிலோமீட்டர். 2017 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டினார்கள். அன்றைய மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்கு 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டில் திருப்பித் தருகிற ஜப்பானியக் கடன். கிலோமீட்டருக்கு வகுத்தால் 212 கோடி வருகிறது. 18,720 பேர் தங்குகிற உங்கள் விடுதி முழுவதையும் கட்டிய பணம், அந்தப் பாதையில் மூன்றரை கிலோமீட்டருக்குக் கூடக் காணாது. மதிப்பீடு அதற்குப் பிறகு ஏறிவிட்டது. இவ்வளவு பணம் போடுகிற நாடு, அதை எந்தத் திசையில் போடுகிறோம் என்று ஒரு தடவைக்குப் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

சென்னை–பெங்களூரு–மைசூரு என்று 435 கிலோமீட்டருக்கு ஓர் அதிவேகப் பாதையை முன்பே ஆய்வுப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2026-27 மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேகத் தடங்களை அறிவித்தார்கள். அவற்றில் சென்னையைத் தொடுவது இரண்டு: ஒன்று பெங்களூருக்கு, இன்னொன்று ஹைதராபாத்துக்கு. அந்த ஏழில் தென் மாவட்டங்களின் பக்கம் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. நீங்கள் எந்த ஊர்? கை தூக்கச் சொன்னபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர், அரியலூர், புதுக்கோட்டை, தென்காசி என்று சொன்னீர்கள். பொங்கலுக்குப் பெங்களூரு போகிறேன் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. அதிவேகப் பாதை வியாபாரம் போகிற பக்கம் போகிறது. பண்டிகை போகிற பக்கம் வேறு.

இதே கதை இந்தோனேசியாவில் நடந்து முடிந்திருக்கிறது. ரம்ஜானுக்கு ஜகார்த்தா போன்ற நகரங்களிலிருந்து கோடிக்கணக்கான பேர் சொந்த ஊர் போவார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'முடிக்' என்று பெயர். பண்டிகைக்கு ஏழு நாள் முன்னாலேயே போனஸைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் தீபாவளி போனஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் போவது ஜாவா தீவின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும்: செமராங், சோலோ, யோக்யகர்த்தா, சுரபயா. 2023 அக்டோபரில் ஜகார்த்தா–பாண்டுங் அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தது. 'ஹூஷ்' என்று பெயர், 142 கிலோமீட்டர், 700 கோடி டாலருக்கு மேல் செலவு, பெரும்பகுதி சீனக் கடன். பாண்டுங் அருகிலேயே இருக்கிற ஊர். மலை ஏறி வாரக் கடைசியைக் கழிக்கப் போகிறவர்களுக்கு வசதி. முடிக் கூட்டமோ அதைத் தாண்டி இன்னும் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பயணிகள் கணித்த அளவுக்கு வரவில்லை. கடனை யார் கட்டுவது என்று 2025-இல் அரசுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. முடிக் கூட்டம் இன்றும் சாதாரண ரயிலையும், பேருந்தையும், மோட்டார் சைக்கிளையும் நம்பித்தான் போகிறது. அங்கே அரசும் கம்பெனிகளும் 'இலவச முடிக்' என்று பேருந்துகள் விடுகின்றன. மோட்டார் சைக்கிளைத் தனியாக ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு ஆளைப் பேருந்தில் அனுப்புகிற ஏற்பாடும் உண்டு. அந்த நல்ல யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சீனாவின் கதை இதைவிடக் கனமானது. உங்களைப் போல ஆலையில் போன் தயாரிக்கிற லட்சக்கணக்கான பிள்ளைகள் ஷென்ஷென்னிலும் குவாங்சோவிலும் வேலை பார்த்தார்கள். அவர்களில் பலருடைய ஊர் வடக்கே, ஹுனான், ஹுபெய் மாகாணங்களில். சீனப் புத்தாண்டை ஒட்டிய 40 நாளில் நாடே ஊர் மாறும். 2008 ஜனவரி கடைசியில் பனிப்புயல் அடித்து, பெய்ஜிங்–குவாங்சோ பாதை நின்றுபோனது. குவாங்சோ ஸ்டேஷன் வாசலில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மழையிலும் குளிரிலும் நாள்கணக்கில் நின்றார்கள். அடுத்த ஆண்டே, 2009 டிசம்பர் 26 அன்று, வூஹான்–குவாங்சோ அதிவேகப் பாதை திறந்தது. 968 கிலோமீட்டர், சுமார் மூன்று மணி நேரம். திசையைக் கவனியுங்கள். தொழிலாளி ஊருக்குப் போகிற திசையிலேயே பாதை போட்டார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது.

குற்றம் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. டிக்கெட் 490 யுவான். அன்றைக்கு ஷென்ஷென்னில் அடிப்படைக் கூலி மாதம் 1,000 யுவானை ஒட்டித்தான் இருந்தது. அரை மாதச் சம்பளம் கொடுத்து மூன்று மணி நேரத்தில் போவதைவிட, பச்சைப் பெட்டி ரயிலில் இரவு முழுக்க உட்கார்ந்தே போய்விடலாம் என்றுதான் அந்தப் பிள்ளைகள் நினைத்தார்கள். ஆனால் புதிய பாதைக்கு ஆள் சேர வேண்டும் என்று பழைய மெதுவான வண்டிகளில் பலவற்றை நிறுத்திவிட்டார்கள். 'அதிவேகமாக்கப்பட்டோம்' என்று சீன மக்கள் ஒரு புதுச் சொல்லே உண்டாக்கினார்கள்: நாங்கள் கேட்கவில்லை, எங்களை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். காலப்போக்கில் கூலி ஏறியது, பாதைகள் பெருகி இன்று ஐம்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வந்துவிட்டன, இப்போது தொழிலாளிகளும் அதில் போகிறார்கள். நடுவில் போன ஆண்டுகளின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது. சீன ரயில்வேயின் கடனும் சிறியது இல்லை. சுமார் ஆறு லட்சம் கோடி யுவான்.

சீனாவுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை. அங்கே பழைய பாதையும் அதிவேகப் பாதையும் ஒரே அகலம். அதிவேக வண்டி புதிய பாதை முடிகிற இடத்தில் பழைய பாதையில் இறங்கி இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடும். பண்டிகையில் இரண்டு வண்டியை ஒன்றாகக் கோத்து, பதினாறு பெட்டியாக, நடு இரவிலும் விடுவார்கள். நம்முடையது அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். மும்பையில் போடுகிற அதிவேகப் பாதை 1,435. அந்த வண்டி நம் பாதையில் இறங்க முடியாது. பாதை எங்கே முடிகிறதோ அங்கே பயணமும் முடிந்தது. அதனால்தான் எந்தத் திசையில் போடுவது என்ற கேள்விக்கு சீனாவில் இருப்பதைவிட இங்கே கனம் அதிகம்.

ஜப்பானை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் ஓடியது. உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. வேகத்துக்காக என்று உலகம் நினைக்கிறது. பழைய பாதையில் இனி ஒரு வண்டிக்கும் இடம் இல்லை என்பதுதான் முதல் காரணம். ஆனால் அதே ஆண்டுகளில், 1954 முதல் 1975 வரை, வடகிழக்கு கிராமங்களில் பள்ளி முடித்த பிள்ளைகளை மொத்தமாக டோக்கியோ ஆலைகளுக்கு அழைத்து வர 'கூட்டு வேலை ரயில்' என்று தனி வண்டிகள் விட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள், உவேனோ ஸ்டேஷனில் இறங்கினார்கள். அவர்கள் ஊர்ப் பக்கம் ஷின்கான்சென் போனது 1982-இல்தான். அதுவரை புத்தாண்டுக்கும், முன்னோரை வணங்குகிற ஓபோன் பண்டிகைக்கும், மெதுவான இரவு வண்டியின் நடைவழியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து ஊர் போனார்கள். வேலைக்கு அழைத்து வர ரயில் விடத் தெரிந்த நாட்டுக்கு, ஊருக்கு அனுப்பி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பண்டிகைக் கூட்டத்துக்காக மட்டும் பாதை போட முடியாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. இந்தக் கூட்டம் வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதுவும் ஒரு பக்கமாக ஓடும். பொங்கலுக்கு முன்னால் தெற்கே போகிற ரேக், அதாவது கோத்த பெட்டித் தொடர், நிரம்பி வழியும். அதே ரேக் அடுத்த கூட்டத்தை ஏற்ற வடக்கே திரும்பி வரும்போது காலி. காணும் பொங்கல் முடிந்ததும் தலைகீழ். அதனால்தான் பண்டிகை ஸ்பெஷலுக்கு 1.3 மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். ரேக் வேண்டும், கழுவிப் பார்க்க பிட் லைன் வேண்டும், லோகோ பைலட் வேண்டும், பாதையில் இடம் வேண்டும். நான்கில் ஒன்று இல்லை என்றாலும் வண்டி இல்லை.

சரியில்லாத பாதி இது: கூட்டத்தைப் பாதையால் மட்டும் சமாளிக்க வேண்டியதில்லை, நாளாலும் சமாளிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைப் பண்டிகை விடுமுறைக்கென்று 1958-இல் போட்ட சட்டம் இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி போக, ஐந்து பண்டிகை விடுமுறை. அவை எவை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தொழிலாளர்களோடு பேசித் தீர்மானிக்கலாம். பொங்கல் நாளை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் ஒரு ஆலை பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாக மூடி முன்னதாகத் திறக்கலாம். பக்கத்து ஆலை போகியன்று மூடி இரண்டு நாள் தாமதமாகத் திறக்கலாம். இந்தத் தொழில் வட்டாரம் முழுவதும் கூடிப் பேசி இப்படிப் பங்கு போட்டுக்கொண்டால், ஒரே இரவின் கூட்டம் நான்கு இரவாகப் பிரியும். ஒரு ரூபாய் தண்டவாளச் செலவு இல்லை. ரேக் பற்றாக்குறையும் குறையும். ஒரே ரேக் நான்கு தடவை போய் வரலாம்.

இன்னொன்று. ஒரு முழு ரயிலையே வாடகைக்கு எடுக்கிற வசதி இந்திய ரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. முழுக் கட்டண முன்பதிவு, எஃப்.டி.ஆர். என்பார்கள். கல்யாணக் கூட்டமும் கோயில் யாத்திரைக் கூட்டமும் அப்படிப் போய் வருகின்றன. கட்டணம் கூடுதல்தான், முன்பணமும் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கிற நிறுவனங்களுக்கு அது பெரிய தொகை இல்லை. தினமும் இருநூறு பேருந்து விட்டு ஆளை அழைத்து வருகிற இடத்தில், வருஷத்தில் இரண்டு நாள் நான்கு ரயில் பிடிக்க முடியாதா? செங்கல்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ கம்பெனிப் பேருந்து, அங்கிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலிக்குச் சொந்த வண்டி. அன்ரிசர்வ்டு பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம்.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் தம்பிகளும் இந்த மண்ணில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஊருக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள் பயணம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு வண்டியில் மோதி, 290-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்ரிசர்வ்டு பெட்டிகளில் இருந்தவர்களில் பலர் தெற்கே வேலைக்கு வந்தவர்கள். சிக்னல் கோளாறைத் தடுக்கிற முதலீடு, படுக்கையுள்ள சாதாரணப் பெட்டி, அம்ருத் பாரத் மாதிரியான குளிர்சாதனம் இல்லாத நீள வண்டி: இவையெல்லாம் புகைப்படத்துக்கு அழகாக வராது. உயிரைக் காப்பது இவைதான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் மூன்று மித அதிவேகத் தடங்களைச் சொன்னார்கள், மணிக்கு 160 கிலோமீட்டர். அதில் ஒன்று சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம், 167 கிலோமீட்டர். நான் சொன்ன அந்தக் கழுத்தின் மேலேயே அது போகிறது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைக்காரர்கள் அதில் ஏறிவிட்டால், பழைய பாதை திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் திறந்து கிடக்கும். இது வரை அறிவித்த எல்லாத் தடங்களிலும் முதலில் கட்ட வேண்டியது அதுதான். இரண்டாவது, ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி. பெங்களூருக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பாதை இவை இரண்டுக்கும் பிறகு வரட்டும். வந்தால், அதில் அன்ரிசர்வ்டு பெட்டியும் இருக்கட்டும். தைவான் அதிவேக ரயிலில் 12 பெட்டியில் மூன்று முன்பதிவு இல்லாதவை. உங்கள் கம்பெனிகளில் சிலவற்றின் தலைமையகம் இருக்கிற நாடு அது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கடைசியாக விடுதிப் பிள்ளைகளிடம் ஒரு கோரிக்கை. எத்தனை பேர், எந்த ஊர், எந்த நாள் என்ற கணக்கு ரயில்வேயிடம் இல்லை, போக்குவரத்துக் கழகத்திடம் இல்லை, உங்கள் நிறுவனங்களிடமும் இல்லை. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அறை வாரியாக ஊரையும், இறங்குகிற ஸ்டேஷனையும், கிளம்ப முடிகிற நாளையும் எழுதுங்கள். 13 நோட்டையும் சேர்த்து ஒரு தாளில் கூட்டுங்கள். அதில் ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று கோட்ட ரயில்வே மேலாளருக்கு, ஒன்று உங்கள் நிர்வாகத்துக்கு. பொங்கலுக்கான முன்பதிவு நவம்பர் இரண்டாம் வாரத்தில் திறந்துவிடும். தீபாவளிக்கு ஊர் போவதற்கு முன்னாலேயே அந்த நோட்டு நிரம்பியிருக்கட்டும். எழுதுவதற்கும் கூட்டுவதற்கும் நான் வந்து உட்காருகிறேன்.